சிவில் வழக்குக்கு எவ்வளவு செலவாகும்? கோர்ட் கட்டணம், செலவுத்தொகை, தீர்ப்பாயக் கட்டணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கோர்ட் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறேன், பேட்டா (சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான கட்டணம்) கட்ட வரிசையில் நின்றிருக்கிறேன், நகல் மனுவுக்கு அலைந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவை பணக் கேள்விகள்தான். ‘செலவு தாங்காது சார்’ என்று நியாயமான உரிமையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குக் கட்டணமே இல்லாத வழி இருந்தது, எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை. அந்த ஆதங்கத்தில் எழுதியது இது. தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளையும், இங்கே இருப்பவர்கள் போக வேண்டியிருக்கும் தீர்ப்பாயங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோர்ட் கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

மாநில அரசு. உச்ச நீதிமன்றத்தைத் தவிர மற்ற கோர்ட்டுகளில் வாங்கும் கட்டணம் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் வருகிறது. நம் ஊருக்கு 1955-ஆம் வருடத்துத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம் பொருந்தும். பெங்களூரில் இருக்கும் மைத்துனர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. அங்கே சட்டம் வேறு, விகிதமும் வேறு.

கொடுத்த கடனை வசூலிக்க வழக்குப் போட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்?

பண வழக்குக்கு, கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017 மார்ச் வரை இது 7.5 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து லட்சத்துக்கு 37,500 ரூபாய் கட்ட வேண்டுமே என்று மலைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இப்போது அது 15,000 ரூபாய்தான்.

கேட்கும் தொகை என்றால் அசல் மட்டும் இல்லை. வழக்குப் போடும் தேதி வரை சேர்ந்த வட்டியையும் கேட்டால் அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று லட்சம் அசலும் ஒரு லட்சம் வட்டியும் கேட்டால் நான்கு லட்சத்துக்குக் கட்டணம், அதாவது 12,000 ரூபாய். வழக்கு நடக்கும் காலத்து வட்டிக்கு முன்கூட்டிக் கட்டணம் இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கட்டணத்துக்குப் பணம் சேரட்டும் என்று புரோநோட்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கடன் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் காலவரம்பு. கட்டணம் குறைவாக இருந்தாலும் பிராதை, அதாவது வழக்கு மனுவை, தாக்கல் செய்துவிட்டு, மீதியைக் கட்ட அவகாசம் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கோர்ட் அனுமதித்துக் கட்டிவிட்டால், முதல் நாளே முழுதாகக் கட்டியதாகத்தான் கணக்கு. காலவரம்பு தாண்டிப்போன புரோநோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்ப்பது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும்.

வீடு, மனை சம்பந்தப்பட்ட வழக்குக்கு?

என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே வீட்டுக்கு மூன்று விதமான கட்டணம் வரலாம். வீட்டின் சந்தை மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

வீடு எனக்குச் சொந்தம் என்று விளம்புகை செய்து (கோர்ட் அறிவித்து) சுவாதீனமும் (வீட்டைக் கைவசம்) வாங்கித் தரவேண்டும் என்று கேட்டால் முழு மதிப்புக்கும் கட்டணம், 60,000 ரூபாய். சுவாதீனம் உங்களிடமே இருக்கிறது, உரிமையை விளம்பி, எதிராளி உள்ளே வராமல் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் போதும் என்றால் பாதி மதிப்புக்குத்தான், 30,000 ரூபாய். உங்கள் உரிமையைப் பற்றிச் சண்டையே இல்லை, தொந்தரவை மட்டும் தடுக்க வேண்டும் என்றால் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவில் நீங்களே ஒரு மதிப்புப் போட்டு, சிறிய தொகை கட்டினால் போதும்.

அதற்காக எல்லோரும் மூன்றாவதையே பிடித்துக்கொள்ளக் கூடாது. எதிராளி உங்கள் உரிமையையே மறுக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை கேட்டுப் போனால், விளம்புகை கேட்கவில்லை என்று பல வருடம் கழித்து வழக்குத் தள்ளுபடியாகும். கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் வழக்கையே இழந்த கதைகள் உண்டு.

விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்குக்கு, ஒப்பந்தத்தில் எழுதிய கிரயத் தொகைதான் மதிப்பு. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு சிவில் கோர்ட்டுக்கு வந்தால் ஒரு வருட வாடகைக்குக் கட்டணம்.

அண்ணன் தம்பிகளிடம் பாகம் கேட்டு வழக்குப் போட, என் பங்கு முழுவதுக்கும் 3 சதவீதம் கட்ட வேண்டுமா?

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்திருந்தார். அப்பா வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அந்தப் பங்கே இருபது லட்சம் போகும். 60,000 ரூபாய் புரட்ட வேண்டுமே என்று வளையலைக் கழற்றும் யோசனையில் இருந்தார். அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அந்த வீட்டுக்கு நீங்கள் போய்வருவது உண்டா?” பொங்கலுக்குப் போய்த் தங்குவேன், என் சீர்ப்பெட்டி இன்னும் மாடி அறையில்தான் இருக்கிறது என்றார்.

அவருக்கு அதே கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பொருந்தும். கூட்டுச் சுவாதீனத்தில் இருப்பவர் பாகம் கேட்டால் பங்கின் மதிப்பைப் பார்ப்பதில்லை, நிலையான சிறு கட்டணம்தான். கூட்டுச் சொத்தில் ஒருவருடைய சுவாதீனம் எல்லோருடைய சுவாதீனமாகவே கருதப்படும். நேரில் அங்கே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பாக வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பிராதை முழுதாகப் படித்தால், வாதியைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால்தான் முதல் உட்பிரிவின்படி பங்கு மதிப்புக்குக் கட்டணம்.

ஆகையால் பிராதில் எழுதும் ஒரு வரிக்கு ஆயிரக்கணக்கில் விலை உண்டு. கோபத்தில் “என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை, விரட்டிவிட்டார்கள்” என்று வக்கீலிடம் மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். நிஜமாகவே விரட்டியிருந்தால் மறைக்கவும் கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டினால் என்ன ஆகும்?

பிராதுக்கு வழக்கு எண் கொடுப்பதற்கு முன்பே கோர்ட் அதைப் பார்க்கும். அதைத் தாண்டி வந்தாலும் பிரதிவாதி ஆட்சேபிக்கலாம், கட்டணத் தணிக்கையாளர் கண்டுபிடிக்கலாம். குறைவு என்று முடிவானால் மீதியைக் கட்ட நாள் குறிப்பார்கள். அதற்குள் கட்டவில்லை என்றால் பிராது நிராகரிக்கப்படும். வழக்குத் தாக்கலாகும் தேதியில் உள்ள சந்தை மதிப்புதான் கணக்கு. அப்பா 1985-இல் வாங்கிய கிரயப் பத்திரத்தில் இருக்கும் தொகை உதவாது.

இந்தக் கட்டணம் போக வேறு என்ன செலவு வரும்?

இதைத்தான் யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. வக்காலத்துக்கு (வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) ஒட்டும் வில்லையும் வழக்கறிஞர் சேமநல நிதி வில்லையும். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் சம்மன் பேட்டா. பிராது, ஆவணங்களுக்கு ஆளுக்கொரு செட் ஜெராக்ஸ். வில்லங்கச் சான்று, பத்திர நகல். இடைக்கால மனு ஒவ்வொன்றுக்கும் தனி வில்லை. சர்வேயரோடு போய் இடத்தை அளந்து அறிக்கை தர வக்கீல் கமிஷனரைக் கேட்டால், கேட்டவர்தான் கமிஷனர் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டும். தொகையைக் கோர்ட் குறிப்பிடும். சாட்சிக்குச் சம்மன் அனுப்பினால் சாட்சிப் படி.

பிரதிவாதிகள் எண்ணிக்கையையும் பாருங்கள். பாக வழக்கில் இறந்துபோன அண்ணனின் வாரிசுகள், அவர்கள் யாருக்காவது விற்றிருந்தால் வாங்கியவர் என்று பதினைந்து பேர் சுலபமாகச் சேர்ந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கும் பேட்டா, அத்தனை செட் நகல். முகவரி தவறாகக் கொடுத்துச் சம்மன் திரும்பிவந்தால் மறுபடி பேட்டா. கடைசியில் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியும் வரும்.

வக்கீல் பீஸுக்கு அரசு நிர்ணயித்த ரேட் உண்டா?

கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இடையில் பேசிக்கொள்வதுதான். ஆனால் சில எல்லைகள் உண்டு. ஜெயித்து வரும் பணத்தில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வக்கீல் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விபத்து நஷ்டஈடு வழக்குகளில் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் பிடித்து, வருவதில் கால் பங்கு எனக்கு என்று பேசுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அடிபட்டவர் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் அது. இதில் மட்டும் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை.

பீஸ் பாக்கி இருக்கிறது, வழக்குக் கட்டை (கோப்பை) தரமாட்டேன் என்று சொல்வதும் கூடாது. கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பீஸுக்காகப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு சட்ட வழி இருக்கிறது.

என் யோசனை: முதல் நாளே கோர்ட் கட்டணம் இவ்வளவு, இதரச் செலவு இவ்வளவு, பீஸ் இவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வக்கீல் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜெயித்தால் செலவெல்லாம் எதிராளியிடமிருந்து கிடைக்குமா?

சட்டம் அப்படித்தான் நினைக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். நடைமுறையில், குறிப்பாகக் குடும்பச் சொத்து வழக்குகளில், “உறவைக் கருதிச் செலவுத்தொகை இல்லை” என்ற வரியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் உத்தரவு) நகலின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வாதி செலவு, பிரதிவாதி செலவு என்று இரண்டு பத்தி இருக்கும். பிராது முத்திரை, வக்காலத்து முத்திரை, பேட்டா, சாட்சிச் செலவு, வக்கீல் பீஸ் என்று வரி வரியாகத் தொகை. கோர்ட் கட்டணம் அங்கே அப்படியே முழுதாக இருக்கும். வக்கீல் பீஸ் வரியில் இருப்பதோ, நீங்கள் நிஜமாகக் கொடுத்ததில் ஒரு சிறு பங்காக இருக்கும். அந்தத் தொகை விதிப்படியான அட்டவணையிலிருந்து வருகிறது. நீங்கள் பேசிக் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விட்ட கூலி, பஸ் காசு, சாப்பாட்டுச் செலவுக்கு அங்கே வரியே இல்லை.

இது சரியில்லை என்று சொன்னதும் நம் ஊர் பெயரில் இருக்கும் ஒரு வழக்குதான். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், செலவுத்தொகை என்பது நியாயமான நிஜச் செலவாக இருக்க வேண்டும் என்றது. ஜெயித்தவர் செலவழித்த நேரம், போக்குவரத்து, தங்கிய செலவு ஆகியவற்றையும் சேர்க்கச் சொன்னது. இருபது வருடம் ஆகிவிட்டது. பொய் வழக்குக்காகச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவில் விதிக்கும் ஈட்டுச் செலவுக்கு இன்னமும் 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பொய் வழக்குப் போட்டவனுக்கு அது ஒரு தொகையா? இது மாறியே ஆக வேண்டும்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கமிஷனர் கட்டணம், நகல் கட்டணம், சாட்சிப் படி என எல்லா ரசீதையும் ஒரு கவரில் போட்டு வைத்து, தீர்ப்புக்கு முன் செலவுப் பட்டியலை உங்கள் வக்கீல் மூலம் தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்யாத செலவு தீர்ப்பாணையில் ஏறாது.

எதிராளி வாய்தா மேல் வாய்தா வாங்குகிறார். அந்தச் செலவுக்கு?

வாய்தா கேட்பவர் மீது செலவுத்தொகை விதிக்கும்படி ஒவ்வொரு முறையும் உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. அதே சட்டத்தின் 35-பி பிரிவில் செலவு விதித்து, அதை அடுத்த வாய்தாவுக்குள் கட்டவில்லை என்றால் அவர் மேற்கொண்டு வழக்கையோ எதிர்வாதத்தையோ நடத்த முடியாது. கேட்காமல் யாரும் விதிக்கப்போவதில்லை.

கையில் பணமே இல்லை. வழக்குப் போடவே முடியாதா?

முடியும், இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வசதியுள்ள பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்பது பெண்களுக்கே தெரிவதில்லை. வளையலைக் கழற்ற யோசித்தாரே, அந்த அம்மாவும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று, வறியவர் வழக்கு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளைப்படி, கட்டணம் கட்டப் போதுமான வசதி இல்லை என்று மனுச் செய்யலாம். வழக்குச் சொத்தையும் ஜப்தி செய்ய முடியாத சாமான்களையும் அந்த வசதியில் சேர்க்கக் கூடாது. அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். உங்கள் சொத்து விவரத்தில் எதையாவது மறைத்தால் மனு போய்விடும். அனுமதி கிடைத்தால் கட்டணம் கட்டாமலேயே வழக்கு நடக்கும். ஜெயித்தால் அந்தக் கட்டணத்தை அரசு வசூலித்துக்கொள்ளும். தோற்றால் நீங்கள் கட்ட உத்தரவாகலாம். ஆக இது தள்ளிவைப்புதான், முழு விலக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

சமரசமாகப் போனால் கட்டிய கட்டணம் திரும்ப வருமா?

வரும், முழுதாக. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தாலும், சமரச மையத்தில் முடிந்தாலும் கிடைக்கும். இரண்டு தரப்பும் வெளியே உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டு வந்தால் கிடைக்குமா என்பதில் தகராறு இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கிடைக்கும் என்றது. மேல்முறையீட்டில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது: நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு, கோர்ட்டுக்கு வெளியே நேர்மையாக முடித்துக்கொண்டவர்களுக்கும் பொருந்தும். சமரச மனுவிலேயே கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவு கேளுங்கள். சமாதானமான சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

நான் பிரதிவாதி. எனக்குக் கட்டணம் கிடையாதுதானே?

எதிர்வழக்குரை (பிராதுக்குப் பதில்) போட மதிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் அதே வழக்கில் வாதியிடம் நீங்களும் ஒன்றைக் கேட்டு எதிர்க்கோரிக்கை வைத்தால் அது ஒரு பிராது மாதிரி, அதற்குரிய கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம், தோற்று மேல்முறையீடு போனால் கட்டணச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி முதல் கோர்ட்டில் வாதி கட்டிய அதே விகிதத்தில் நீங்கள் கட்ட வேண்டும். பத்து லட்சத்துக்குத் தீர்ப்பாகி முழுவதையும் எதிர்த்தால் 30,000 ரூபாய். அதுவரை ஒரு பைசா கட்டாதவருக்கு இது திடீரென்று வரும்.

வாங்கிய பொருள் பழுது, சேவையில் குறைபாடு. அதற்கும் 3 சதவீதமா?

கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குத் தனிக் கட்டணம். நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான் கணக்கு, கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை. விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400, ஐம்பது லட்சம் வரை 1,000. 40,000 ரூபாய் பிரிட்ஜுக்காக நீங்களே எழுதி, வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். தோற்ற கம்பெனி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனால், உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும்.

வங்கி வீட்டை ஏலம் விடப்போகிறது. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக எவ்வளவு?

சர்ஃபேசி சட்டத்தின் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு இடம் தரும் சட்டம்) 17-ஆம் பிரிவில் கடன் வாங்கியவர் போடும் மனுவுக்கு, கடன் பத்து லட்சத்துக்குக் கீழே என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய். பத்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5,000 ரூபாயோடு, கூடுதலான ஒவ்வொரு லட்சத்துக்கும் 250. உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். 20 லட்சம் பாக்கிக்கு 7,500 ரூபாய் ஆகும். 45 நாளுக்குள் போட வேண்டும்.

நிஜமான சுமை அடுத்த படியில் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் பாக்கியில் 50 சதவீதத்தை டெபாசிட் செய்ய வேண்டும். மன்றாடிக் கேட்டால் 25 சதவீதம் வரை குறைப்பார்கள், அதற்குக் கீழே போக அவர்களுக்கே அதிகாரமில்லை. எனவே முதல் தீர்ப்பாயத்தில் எல்லா ஆவணங்களையும் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். மேலே பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கே உதவாது.

மற்ற தீர்ப்பாயங்கள்?

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் மத்திய அரசு ஊழியர் போடும் மனுவுக்கு 50 ரூபாய். பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். கேட்டால் அந்தத் தொகையில் ஒரு சதவீதம். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நிர்ணயித்த வருமானத்தைப் பொறுத்து 500 ரூபாயில் தொடங்கி 10,000 ரூபாயோடு நின்றுவிடும்.

தீர்ப்பு வாங்கியாகிவிட்டது. பணத்தை வசூலிக்க மறுபடியும் 3 சதவீதமா?

இல்லை. நிறைவேற்று மனுவுக்குச் சிறு கட்டணம்தான். ஆனால் செலவு வேறு ரூபத்தில் வரும். அமீனாவுக்கான (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியருக்கான) பேட்டா, ஜப்தி, ஏல விளம்பரம். பணம் தரவேண்டியவரைச் சிவில் சிறையில் வைக்கக் கேட்டால் அவருடைய சாப்பாட்டுப் படியை நீங்கள் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அவரை விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டு “எனக்குப் பணம் தராதவனுக்கு நான் சோறு போடணுமா?” என்று எழுந்து நின்றுவிட்ட ஒரு பெரியவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது நினைவிருக்கிறது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: அந்தப் படியும் வழக்குச் செலவில் சேரும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதைவிட, அவர் பெயரில் சம்பளமோ வாடகை வரவோ வங்கிக் கணக்கோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அதை ஜப்தி செய்யக் கேட்பதுதான் செலவு குறைந்த வழி.